பொனோ என்றால் போனோம் அல்ல

நான் ஓய்வு பெற்ற அன்று, வேலை செய்த முதியோர் இல்லத்தில் எனக்கு ஒரு கேக்கும் ஒரு பூச்சாடியும் தந்தார்கள். கேக் அன்றைக்கே முடிந்தது. பூச்சாடியில் இருந்த செடி ஒரு மாதம் தாக்குப்பிடித்துவிட்டுச் செத்துப்போனது. முதியவர்களை எப்படிப் பராமரிப்பது என்று எனக்குப் படிப்பித்த இந்த ஜெர்மனியில், செடிகளைப் பற்றி ஒருவரும் படிப்பிக்கவில்லை.

அண்மையில் பழைய இடத்தை எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது அங்கே மதுரையில் இருந்து வந்த பவித்ரா என்ற தாதி வேலை செய்கிறார். கையில் ஒரு புதுப் பலகைக் கணினி. அதைப் பார்த்து நாம் பேசினால் அது ஜெர்மனில் திருப்பிச் சொல்லுமாம்.

"பேசிப் பாருங்க அங்கிள். எல்லா லாங்குவேஜும் இருக்கு."

"உது என்ன கதைக்குமோ, பிள்ளை?" என்றேன்.

கணினி கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்பின் கதை என்ன, பூனைக்குட்டி?" என்று ஜெர்மனில் கேட்டது. யாழ்ப்பாணத்தை அதற்கு இன்னும் ஒருவரும் அறிமுகப்படுத்தவில்லை போலும். பவித்ரா சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "உதிலை ரோமேய்க்கா இருக்கோ எண்டு பாருங்கோ" என்றேன். அவர் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்.

"ரோமா? இத்தாலியன் இருக்கே அங்கிள்."

"இத்தாலியன் இல்லை."

"அப்ப அது எந்த ஊர் லாங்குவேஜ்?"

அதற்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டு, அவருடைய தேநீர் இடைவேளையை முழுதாக விழுங்கிவிட்டேன். கடைசியில், "இதை எழுதிக் குடுங்க அங்கிள், நாங்க எல்லாரும் படிக்கணும்" என்றார். ஆகவே எழுதுகிறேன். இதில் வரும் ஜெர்மன்காரியும் துருக்கியரும் கிரேக்கப் பெண்ணும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பார்கள். அவர்கள் கதைத்தது ஜெர்மனில். அந்த ஜெர்மனை அப்படியே தமிழில் கொண்டுவரும் வல்லமை எனக்கு இல்லை.

எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, டுசல்டோர்ஃப் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிய கதையை எங்கள் ஆட்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் கதையும் அதேதான், கோப்பைகள் மட்டும் வேறு. கோப்பை கழுவுவதில் இருந்து மனிதரைக் கழுவும் வேலைக்கு மாறினேன். முதலில் உதவியாளன், பிறகு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்பு, பிறகு முழுத் தாதி. இடையில் சித்தியடையாத பரீட்சைகளை மரியாதை கருதி விட்டுவிடுகிறேன்.

மரியாதை என்றதும் பெயர் ஞாபகம் வருகிறது. முதல் விண்ணப்பத்தில் என் பெயருக்கு முன்னால் 'திரு' என்று எழுதினேன். அந்நிய நாட்டில் நம்மை நாமே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பது? அதிகாரி அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அன்று தொடக்கம் நான் ஹேர் திரு, அதாவது திருவாளர் திரு. என் மனைவி திருமதி திரு. எங்கள் வீட்டு அழைப்பு மணியில்கூட வெறும் மரியாதைதான் ஒட்டியிருக்கிறது, ஆளின் பெயர் இல்லை.

எங்கள் பிரிவின் தலைமைத் தாதி பிராவ் லிண்ட்னர், அதாவது திருமதி லிண்ட்னர். உயரமான பெண், குரல் மட்டும் தரையோடு போகும். கோபம் கூடக் கூடக் குரல் இன்னும் இறங்கும். அவரிடம் ஏச்சு வாங்குவதென்றால் நாங்களாகவே கிட்டப் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். ஏச்சுக்கு இப்படி வரிசையில் நின்ற வேறு எந்த வேலையிடத்தையும் நான் கண்டதில்லை.

அவர் எனக்குப் படிப்பித்த முதல் பாடம் காலைக் கழுவல். கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் செவிடாக இருந்தாலும் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கட்டில் அருகே, நம் கண் அவர் கண்ணுக்குக் கீழே இருக்கும்படி உட்கார வேண்டும். பெயரைச் சொல்லி, முன்கையில் நம் கையை வைக்க வேண்டும். மணிக்கட்டைப் பிடிக்கக் கூடாது, மணிக்கட்டைப் பிடிப்பது பொலிஸ். கழுவும் துணியைக் காட்ட வேண்டும், தண்ணீரின் சூட்டை அவரே தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பெரிய துவாயால் உடம்பு முழுவதையும் போர்த்த வேண்டும். கையைக் கழுவும்போது கை மட்டும் வெளியே வரும். கழுவித் துடைத்து, திரும்ப மூடிய பிறகுதான் அடுத்த இடம். ஒரு மனிதர் தலை தொடக்கம் கால் வரை கழுவப்படுவார், ஆனால் ஒரு கணமும் உடுப்பில்லாமல் கிடக்க மாட்டார்.

முதல் நாள் நானும் அப்படியே செய்தேன். கடைசியில் நான், துவாய், தரை, ஜன்னல் திரை எல்லாம் நனைந்திருந்தன. காய்ந்திருந்தவர் கழுவப்பட வேண்டியவர் ஒருவர்தான்.

இரண்டாவது பாடம் ஒரே வரி: "ஊகிக்காதையுங்கோ, கேளுங்கோ." நோகிறதா, குளிர்கிறதா, பசிக்கிறதா என்று முகத்தைப் பார்த்து முடிவெடுத்தால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "நாங்கள் சாத்திரம் சொல்லுற ஆக்கள் இல்லை, ஹேர் திரு" என்பார், குனிந்து கேட்டால் மட்டும் விளங்கும் குரலில்.

இனி ஒஸ்மான் ஐயா.

கருங்கடல் ஓரம் திராப்சோன் என்ற நகரத்துக்கு மேலே உள்ள மலைக் கிராமத்தில் பிறந்தவர். இளவயதில் ஜெர்மனிக்கு வந்து உருக்காலையில் வேலை செய்து ஓய்ந்தவர். மனைவி காலமாகி, மறதி நோயும் தொடங்கிய பிறகு எங்களிடம் வந்தார். அலுமாரி மேல் ஒரு குர்ஆன், பக்கத்தில் ஒரு சின்னத் துருக்கிக் கொடி, கையில் எப்போதும் தஸ்பீஹ் மணி. வந்த புதிதில் நன்றாகப் பகிடி விடுவார்.

"இந்து, உனக்கு எத்தினை கடவுள்?"

"இன்னும் எண்ணி முடியேல்லை, ஐயா."

"எண்ணி முடிச்சிட்டு வா. அதுக்குப் பிறகு என்னைக் கழுவு."

அவருடைய மகன் கெமால் ஐம்பது வயதைத் தாண்டியவர், வாகனம் திருத்தும் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து தகப்பனுக்குத் தானே முகம் வழித்துவிடுவார். என்னைத் 'திரு அபி' என்பார். அபி என்றால் துருக்கியில் அண்ணை. ஆக, அந்தக் கட்டடத்தில் என்னை அண்ணை என்று அழைத்த ஒரே ஆள் ஒரு துருக்கியர்.

மறதி நோய் மொழியைத் தின்னும்போது கடைசியாகப் படித்ததை முதலில் தின்னும். ஒஸ்மான் ஐயாவிடம் ஜெர்மன் முதலில் போனது. பகிடி நின்றது. பிறகு துருக்கி மொழியும் குறைந்தது. கெமால் கேட்பதற்குத் தலையசைப்பார், பதில் வராது. அதன் பிறகு அவர் வாயில் இருந்து நாங்கள் கேட்டிராத ஒன்று வரத் தொடங்கியது. துருக்கி தெரிந்த தாதி ஒருவர் நின்று கேட்டுவிட்டு, "இது துருக்கி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். வெறும் பிதற்றல் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு காலை நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். ஒஸ்மான் ஐயா மேசையைப் பார்த்தபடி, "நெரோ" என்றார். பிறகு தெளிவாக, "நெரோ, நெரோ."

என் கை அப்படியே நின்றது. நீர். தண்ணீர்க் கோப்பையை எடுத்து வாயில் வைத்தேன். முழுவதையும் குடித்துவிட்டு என் கன்னத்தில் தட்டினார்.

அந்த நிமிடத்தில் பிராவ் லிண்ட்னரின் பாடங்கள் அத்தனையும் என் தலையை விட்டுப் போயின. தமிழன் ஒருவனுக்கு உலகத்தில் எங்காவது ஒரு தமிழ்ச் சொல் அகப்பட்டுவிட்டால் அவனை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. இடைவேளையில் எங்கள் தமிழ் மன்றத் தலைவர் சிவபாலன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, கருங்கடல் பக்கத்து ஆள் ஒருத்தர் தண்ணியை நீர் எண்டு கேக்கிறார்."

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் அவர். எப்போது சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நீர் எண்டால், ஐசே, அது சங்ககாலத்துச் சொல். நாங்கள்தான் தண்ணி எண்டு சொல்லிக் கெட்டுப்போனம். இன்னும் என்னென்ன சொல்லுறார் எண்டு கவனியும்."

கவனித்தேன். கவனித்ததுதான் வினை.

சில நாட்களில் ஒஸ்மான் ஐயா கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு கதவைப் பார்த்து, "பொனோ, பொனோ" என்றார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. போனோம். போவோம் என்பதைப் போனோம் என்கிறார். காலம் மட்டும் பிழை. மறதிக்காரருக்கு இறந்தகாலம் எது, எதிர்காலம் எது? மனிதருக்கு வெளியே போக ஆசை. உடுப்பு மாற்றி, சக்கர நாற்காலியில் ஏற்றி, தோட்டத்தைச் சுற்றித் தள்ளத் தொடங்கினேன். கல் பாவிய பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர், "பொனோ!" என்றார். "ஓம் ஐயா, போறம்" என்று நானும் உற்சாகமாகத் தள்ளினேன்.

சமையற்கட்டின் பின்வாசலில் எலேனி புகைத்துக்கொண்டு நின்றார். தெசலோனிக்கிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்து வந்து எங்கள் சமையற்கட்டில் வேலை செய்த கிரேக்கப் பெண். நாங்கள் அவரைக் கடந்தபோது, "ஏன் அந்த மனுசனைப் போட்டு உலுக்கிறீங்கள்?" என்றார்.

"போவம் எண்டு கேட்டவர்."

"கேக்கேல்லை. நோகுது எண்டு கத்துறார்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எலேனி ஒஸ்மான் ஐயாவின் முன்னால் குந்தியிருந்து ஏதோ கேட்டார். ஐயா தன் தொடையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார், கடகடவென்று. நான் மாதக்கணக்கில் பிதற்றல் என்று நினைத்த அதே சத்தம், ஒருவர் கேட்க மற்றவர் மறுமொழி சொல்ல, என் கண் முன்னால் மொழியாக மாறியது. எலேனியின் சிகரெட் எரிந்து விரலைச் சுட்டது. உதறக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"கால் நோகுதாம். நேற்றே சொன்னவராம்." பிறகு தஸ்பீஹ் மணியைப் பார்த்தார். "இவர் முஸ்லிமோ?"

"தொழுகிறவர்."

"அப்ப என்ர அப்பாவின்ர பாஷை இவற்றை வாயிலை என்ன செய்யுது?"

எனக்குத் தெரிந்த பதில் தமிழ் மன்றத்தில் இருந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினேன்.

தொடை எலும்பின் மேற்பகுதியில் வெடிப்பு. விழாமலே, கிழ எலும்பு தன் பாட்டில் வெடிக்கலாம் என்றார் வைத்தியர். அம்புலன்ஸ் போன பிறகு பிராவ் லிண்ட்னர் என்னைக் கூப்பிட்டார். கிட்டப் போனேன்.

"ஊகிச்சிருக்கிறீங்கள்."

"ஓம்."

"முதலாம் முறை சரியா ஊகிச்சதுதான் உங்களுக்குப் பிடிச்ச சனி."

சனி என்பது என் மொழிபெயர்ப்பு. அவர் சொன்ன ஜெர்மன் சொல் அதைவிட மோசமானது.

அன்று பின்னேரம் எலேனி எனக்கு விளக்கினார். நூறு வருடங்களுக்கு முன்னால் கிரேக்கமும் துருக்கியும் ஆட்களை மாற்றிக்கொண்டன. பிரித்தது மொழியை வைத்து அல்ல, மதத்தை வைத்து. கிறிஸ்தவர்களைக் கப்பலேற்றிக் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். கருங்கடல் மலைகளில் இருந்த எலேனியின் ஆட்கள் அப்படிப் போனவர்கள். அதே மலையில், அதே மொழி பேசியவர்களில் ஒரு பகுதி எப்போதோ முஸ்லிமாகியிருந்தார்கள். அவர்களை ஒருவரும் அசைக்கவில்லை. அவர்கள் தங்கள் பேச்சை ரோமேய்க்கா என்பார்கள். வெளியே துருக்கியர், வீட்டுக்குள் இந்தப் பேச்சு.

"அங்கை எங்கட பாஷையோட ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டுதான் அப்பா சாகுமட்டும் சொன்னவர்" என்றார் எலேனி. "இவர் மிஞ்சியிருக்கிறார். அதுவும் கொடியோட."

சிவபாலன் அண்ணைக்கு நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "அப்ப கிரேக்கரும் எங்கட ஆக்கள்தான்" என்றார்.

சத்திரசிகிச்சை முடிந்து ஒஸ்மான் ஐயா திரும்பி வந்தார். எலேனி தன் வேலை முடிந்ததும் வந்து, எங்கே நோகிறது, எப்படி நோகிறது என்று கேட்டுச் சொல்வார். வைத்தியர் அதை வைத்து மருந்தைக் கூட்டிக் குறைத்தார். ஒஸ்மான் ஐயா சாப்பிட்டார், நித்திரை கொண்டார். கேள்விகள் முடிந்த பிறகும் இருவரும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கதையின் நடுவில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெமால் முகம் வழிக்கும் பையோடு உள்ளே வந்தார்.

"திரு அபி, ஆர் இவ?"

"சமையற்கட்டிலை வேலை செய்யிறவ, எலேனி. அப்பாவோட கதைக்கத் தெரியும்."

"என்ன பாஷையிலை?"

உலகத்தில் எத்தனையோ நல்ல பதில்கள் இருந்தன. நான், "கிரேக்கத்திலை" என்றேன்.

கெமால் பையை மேசையில் மெதுவாக வைத்தார். "என்ர அப்பா துருக்கியர்."

"இல்லை எண்டு ஆர் சொன்னது?" என்றார் எலேனி. "அவர் கதைக்கிறது எங்கட பாஷை. அவ்வளவுதான்."

"உங்கட பாஷை இல்லை. அது எங்கட ஊர்ப் பேச்சு."

"அப்ப நீங்கள் கதையுங்கோவன்."

"எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. தெரியவும் தேவையில்லை. நீங்கள் வெளியிலை போங்கோ."

பிராவ் லிண்ட்னரின் அறையில் கெமால் உட்காரவில்லை. நான் சாட்சிக்கு நின்றேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், அவரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார். அந்த அறையில் அன்று எனக்குப் பாதி விளங்கியதே பெரிய காரியம்.

"சின்னனிலை ஊருக்கு விடுமுறைக்குப் போனம். பஸ்சிலை நான் அந்தப் பேச்சிலை ஏதோ சத்தமாச் சொல்லிப்போட்டன். அப்பா கன்னத்திலை அறைஞ்சார். வாழ்நாளிலை அவர் எனக்கு அடிச்சது அந்த ஒருக்காத்தான். உருக்காலையிலை எங்கட நாட்டு ஆக்களே அவரைக் கிரேக்க விதை எண்டு ஏசியிருக்கிறாங்கள். அதுக்குப் பிறகு வீட்டிலையும் அந்தப் பேச்சு இல்லை. வாழ்நாள் முழுக்க மூடி வைச்சதை, மறதி வந்த நேரம் பாத்து நீங்கள் திறக்கிறீங்கள். சுகமா இருந்தால் அவர் இதுக்கு ஓம் எண்டு சொல்லுவாரோ? சொல்லுங்கோ."

நான் கெமாலின் பக்கம் என்று கண்டுகொண்டு திகைத்துப்போனேன். நானும் ஒருமுறை, இனக்கலவர நேரம், கொழும்பில் இருந்து வடக்கே போன ரயிலில், வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடும் என்ற பயத்தில் வழி முழுக்க ஊமையாக நடித்தவன். எதிரில் இருந்த பெண் இரக்கப்பட்டு எனக்கு வாழைப்பழம் தந்தார். நன்றி சொல்லக்கூட வழியில்லாமல் தின்றேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து பேசாமல் இருந்த ஒரே பொழுது அதுதான் என்று என் மனைவி இன்றும் சொல்வார். மூடி வைத்த வாயை அடுத்தவர் திறப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

பிராவ் லிண்ட்னரும் எழுந்து நின்றார். "ஆக்களின்ர உடுப்பைக் களைஞ்சு கழுவுறதுதான் எங்கட வேலை, ஹேர் கெமால். மானம் போகாமல் களையிறதைத்தான் நாங்கள் படிக்கிறம். நோவைப் பற்றி மட்டும் கேக்கிறம். கதவைச் சாத்திப்போட்டு. வேறை ஒரு கதையும் இல்லை."

"இல்லை. அந்தப் பேச்சிலை ஆரும் அவரோட கதைக்கக் கூடாது."

தகப்பனுக்குச் சட்டப்படி பொறுப்பாளர் அவர்தான். "சரி" என்றார் பிராவ் லிண்ட்னர்.

சமையற்கட்டில் எலேனி உருளைக்கிழங்குகளின் தோலோடு பாதிச் சதையையும் சீவி எறிந்துகொண்டிருந்தார். "கால் நோகுதோ, மானம் நோகுதோ எண்டு அந்த மனுசனை ஆராவது கேட்டதோ?" என்றார். 

அதற்குப் பிறகு வந்த நாட்களை இப்போதும் என்னால் பகிடியாக்க முடியவில்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். தொட்டாலே கத்தினார். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்த காயம் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஏன் கத்துகிறார்? வைத்தியர் மருந்தைக் கூட்டினார். நாள் முழுக்கத் தூங்கினார், வாயில் வைத்த கஞ்சி கடைவாயால் வழிந்தது. மருந்தைக் குறைத்தால் திரும்பவும் கத்தல். இப்படியே போனால் சாப்பாடு இல்லாமலே போய்விடுவார் என்று வைத்தியர் கெமாலிடம் நேராகச் சொன்னார். கெமால் கடையைப் பூட்டிவிட்டுத் தினமும் வந்து இருந்தார். துருக்கியில் கேட்டார், கெஞ்சினார், கையைத் தடவினார். தகப்பன் அவரை, பஸ்சில் பக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஒரு மதியம் பிராவ் லிண்ட்னரும் நானும் அவரைப் பக்கம் மாற்றப் போனோம். கெமால் ஜன்னலோரம் நின்றார். எலேனி சாப்பாட்டு வண்டியோடு வாசலில் நின்றார். தடை வந்த நாள் தொடக்கம் அவர் அந்த வாசலைத் தாண்டவில்லை. தட்டை எடுத்துப்போக நாங்கள்தான் வர வேண்டும். நான் தோளைப் பிடித்தேன், பிராவ் லிண்ட்னர் இடுப்பில் கை வைத்தார்.

"பொனோ" என்றார் ஒஸ்மான் ஐயா. கத்தவில்லை. கத்தும் பலம் போய்விட்டது.

பிராவ் லிண்ட்னர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "ஹேர் கெமால், எங்கை நோகுது எண்டு எனக்குத் தெரியாது. ஊகிக்கட்டோ?"

அந்தப் பெண் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

கெமால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.  அப்போது, "பு பொனிஸ்?" என்று ஒரு குரல்.

எலேனிதான் தடையை மீறிவிட்டார் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய வாய் மூடியிருந்தது, கண் என்னைத் தாண்டி ஜன்னல் பக்கம் போயிருந்தது. கெமால் கட்டிலுக்குக் கிட்ட வந்து, முழங்காலில் இருந்து, தகப்பனின் முகத்துக்குக் கீழே தன் முகத்தை வைத்துத் திரும்பவும் கேட்டார்: "பு பொனிஸ்?" எங்கே நோகுது.

என் கை ஒஸ்மான் ஐயாவின் தோளிலேயே இருந்தது. அந்தத் தோளில் ஓர் அசைவு. அவர் பதில் சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாக. கெமால் உதடு அசைத்து அசைத்துக் கேட்டார்.

"குதியாம். இடுப்பு இல்லை. இடக்கால் குதி."

பிராவ் லிண்ட்னர் காலுறையைக் கழற்றினார். குதியில் கரும் ஊதாவாக ஒரு கொப்புளம், உள்ளே புண் வைக்கத் தொடங்கியிருந்தது. இடுப்பை மாற்றிப் படுக்க வைத்த நாங்கள் எல்லோரும், ஒவ்வொரு முறையும் அந்தக் குதியை மெத்தையில் வைத்து இழுத்திருக்கிறோம். பிராவ் லிண்ட்னர் கெண்டைக்காலின் கீழே ஒரு தலையணையை மடித்து வைத்து, குதி எதிலும் படாமல் காற்றில் நிற்கும்படி செய்தார்.  ஒஸ்மான் ஐயாவின் நெற்றிச் சுருக்கம் மெல்லக் கலைந்தது.

"ஒரு சொல்லும் தெரியாது எண்டீங்கள்" என்றார் எலேனி வாசலில் இருந்து. குத்தலாக இல்லை, பயந்தவர் போல.

"அம்மா குசினிக்குள்ளை கதைக்கிறவ" என்றார் கெமால், திரும்பாமல். "கீழை அப்பாவின்ர காலடிச் சத்தம் கேட்டால் நிப்பாட்டிப்போடுவா."

ஒஸ்மான் ஐயா மகனுடைய முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பேச்சில் பேசும் இந்த ஆள் எங்கிருந்து முளைத்தான் என்ற பார்வை. பிறகு கேட்டார்: "தினோஸ் இசே?"

"ஆற்றை பிள்ளை எண்டு கேக்கிறார்" என்று எலேனி எனக்கு முணுமுணுத்தார். அந்த மலைகளில் புதிதாக ஓர் ஆளைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்பார்களாம். எங்களுடைய ஆட்களும் அப்படித்தான்.

கெமால் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தாயின் சமையலறையில் அதற்கான பதில் தேவைப்பட்டிருக்காது. தகப்பன் காத்துக்கொண்டிருந்தார். கெமால் முழங்காலில் இருந்தபடியே வாசல் பக்கம் திரும்பி, தான் வெளியே போகச் சொன்ன பெண்ணைப் பார்த்தார்.

"'உங்கட' எண்டதை எப்பிடிச் சொல்லுறது?"

எலேனி வண்டியை விட்டுவிட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். "தெசோன்" என்றார்.

"தெசோன்" என்றார் கெமால் தகப்பனிடம்.

ஒஸ்மான் ஐயா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நாங்கள் இருவர் பிடித்தும் அசைக்க முடியாமல் இருந்த மனிதர், கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, சுவர்ப்பக்கமாகத் தானே கொஞ்சம் நகர்ந்து, மகன் இருப்பதற்கு இடம் விட்டார்.